இதயத்துக்கு ஸ்டெம் செல்: விமானம் ஏறுவதா, ஆய்வில் சேருவதா, கையில் இருக்கும் மருந்தை முடிப்பதா?

2005 டிசம்பரில் டான் ஹோ என்ற பாடகர் பாங்காக்குக்குப் போனார். ஹவாய்த் தீவுகளில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அப்போது அவருக்கு வயது 75. இதயத் தசை நலிந்து பம்பிங் குறைந்துபோயிருந்தது. அவருடைய ரத்தத்தை எடுத்து இஸ்ரேலில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி, அதிலிருந்த ஸ்டெம் செல்களை (வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்களை) பெருக்கி, திரும்பக் கொண்டுவந்து இதயத்தில் செலுத்தினார்கள். ஊர் திரும்பினார், மறுபடி மேடையேறிப் பாடினார். 2006இல் புதிய பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வந்தது. 2007 ஏப்ரலில் இதயச் செயலிழப்பால் இறந்துபோனார்.

இந்தக் கதையை நம்புகிறவர் ஒரு மாதிரி சொல்வார்: "பார்த்தீர்களா, கூடுதலாகப் பதினாறு மாதம் கிடைத்தது, பாடக்கூட முடிந்தது." நம்பாதவர் வேறு மாதிரி சொல்வார்: "பார்த்தீர்களா, கடைசியில் அதே நோய்தான் கொண்டுபோனது." இரண்டு பேர் சொல்வதையும் மறுக்க முடியாது. பாங்காக் போகாத இன்னொரு டான் ஹோ இருந்திருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வெளிநாட்டு ஸ்டெம் செல் கிளினிக்குகளின் இணையதளங்களில் வரும் நன்றிக் கடிதங்கள், வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் இதே குறைதான். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதை யார் தேடிப் படிப்பார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒரு மாரடைப்பு வந்திருக்கும், ஸ்டென்ட்டோ பைபாஸோ முடிந்திருக்கும், எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம், 25 சதவீதம் என்று வந்திருக்கும். பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்கும். "இனிச் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையைத் தொடருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருப்பார். அந்த இரவே மகனோ மகளோ இணையத்தில் தேடி, ஏதோ ஒரு நாட்டில் இதற்குச் சிகிச்சை இருப்பதைக் கண்டுபிடித்திருப்பார். அவர்களுக்கு முன்னால் இருப்பது மூன்று வழிகள்: பணம் கட்டி வெளிநாட்டுக் கிளினிக்குக்குப் போவது, முறையான ஆய்வு ஒன்றில் சேருவது, இருக்கும் சிகிச்சையை முழுமையாகச் செய்துபார்ப்பது. மூன்றாவதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. எனக்கென்னவோ அங்கேதான் பேச வேண்டியது அதிகம் இருக்கிறது. ஆனால் முதலில் செல்லைப் பற்றி.

உள்ளே போன செல் என்ன செய்கிறது?

இதயத் தசை செல்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வது மிகக் குறைவு. எவ்வளவு குறைவு என்று கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14, அந்தக் காலத்தில் உருவான செல்களின் டிஎன்ஏவில் பதிந்திருந்தது. அதை அளந்து 2009இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம், 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவு. பெரிய மாரடைப்பு ஒன்றில் செத்துப்போகும் தசை செல்களோ நூறு கோடி வரை. கழித்துப் பார்த்தால், உடம்பு தானாக ஈடுகட்டிவிடாது என்பது புரிந்துவிடும்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை உள்ளே விட்டால் அவை இதயத் தசையாக மாறி இந்தப் பள்ளத்தை நிரப்பும் என்பதுதான் 2001இல் எலிகளில் நடந்த ஒரு பிரபலமான ஆய்வு தந்த நம்பிக்கை. 2004இலேயே வேறு இரண்டு குழுக்கள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று காட்டின. அந்த முதல் ஆய்வின் பின்னணியில் இருந்த பியேரோ அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2018இல் ஹார்வர்டும் அதன் மருத்துவமனையுமே பரிந்துரைத்தன. அதற்குள் பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட கிளினிக்குகளின் விளம்பர வாசகங்கள் பல இன்னும் மாறவில்லை. "உங்கள் செல்லே உங்கள் இதயத்தைப் புதிதாக வளர்க்கும்" என்று எங்காவது படித்தால், அது காலாவதியான வாசகம்.

சரி, தசையாக மாறாவிட்டாலும் ஏதாவது நல்லது செய்யலாமே? செய்யலாம். செல்கள் சுரக்கும் பொருட்கள் சுற்றியுள்ள திசுவுக்கு உதவலாம், வீக்கத்தைக் குறைக்கலாம், சின்ன ரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டலாம். ஆனால் அதற்கும் செல் முதலில் இதயத்தில் தங்க வேண்டும். 2005இல் ஜெர்மனியின் ஹனோவரில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு மஜ்ஜை செல்களை இதயத் தமனி வழியாகச் செலுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட தசையில் இருந்தது 1.3 முதல் 2.6 சதவீதம் மட்டும். கை நரம்பு வழியாகச் செலுத்தியபோது இதயத்தில் குறிப்பிடும்படி எதுவுமே சேரவில்லை. நரம்பில் போட்டது முதலில் நுரையீரலுக்குத்தான் போய்ச் சேரும். பல கிளினிக்குகள் இதய நோய்க்கு விற்பது இந்தக் கை நரம்பு டிரிப்பைத்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு சங்கடமான கண்டுபிடிப்பும் உண்டு. எலிகளில் நடந்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உயிருள்ள செல்லுக்குப் பதில் செத்த செல்லையோ, ஈஸ்ட் செல் சுவரிலிருந்து எடுத்த ஒரு பொருளையோ ஊசியாகப் போட்டாலும் அதே பலன் வந்தது. உடம்பின் எதிர்ப்பு வினைதான் வேலை செய்ததாம். உயிருள்ள செல்லுக்காக இவ்வளவு செலவழிப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

மனிதர்களில் கிடைத்த விடை

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்தாயிற்று. மாரடைப்பு வந்த சில நாட்களில் மஜ்ஜை செல் கொடுப்பது உயிரைக் காக்குமா என்று பார்க்க ஐரோப்பாவில் பாமி என்ற ஆய்வு நடந்தது. 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 375 பேரோடு நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகளில் இறந்தவர்கள் செல் வாங்கியவர்களில் 3.26 சதவீதம், வாங்காதவர்களில் 3.82 சதவீதம். இதை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது. நாள்பட்ட இதயச் செயலிழப்புக்கு 500க்கும் மேற்பட்டவர்களிடம், வேறொருவர் மஜ்ஜையிலிருந்து தயாரித்த செல்லை வைத்து நடந்த ட்ரீம்-எச்எஃப் ஆய்வு 2023இல் வெளியானது. மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்குமா என்பதுதான் அதன் முக்கியக் கேள்வி. குறைக்கவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரிந்தது, ஆனால் அது இரண்டாம் நிலைக் கணக்கு. இன்னொரு ஆய்வு அதை உறுதிசெய்தால்தான் நம்பலாம்.

எனக்கு இதில் கொஞ்சமாவது நம்பிக்கை தருவது ஒரு சின்ன மூலைதான். ஸ்டென்ட்டும் போட முடியாது, பைபாஸும் செய்ய முடியாது, மருந்துக்கும் நெஞ்சுவலி அடங்குவதில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, சிடி34 என்ற வகை செல்லை இதயத் தசைக்குள்ளேயே ஊசியாகப் போடும் முறை. 2011இல் 167 பேரிடம் நடந்த ஆய்வில், போலி ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்கு வலி குறைந்தது, கூடுதல் நேரம் நடக்க முடிந்தது. அடுத்த பெரிய ஆய்வு 444 பேரைத் திட்டமிட்டு 112 பேரோடு நின்றது. கெடுதல் வந்து நிற்கவில்லை. நடத்திய நிறுவனம் செலவு கருதி நிறுத்திவிட்டது. பணம் தீர்ந்ததால் பாதியில் நின்ற கேள்வி ஒன்று இப்படி அந்தரத்தில் தொங்குவது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

"அப்படியானால் நல்ல பலன் வந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இத்தனை இருக்கின்றனவே?" என்று கேட்கலாம். அதற்கும் ஒருவர் கணக்குப் பார்த்தார். 2014இல் லண்டன் ஆய்வாளர்கள் 49 ஆய்வுகளின் அறிக்கைகளை வரி வரியாகப் படித்து முரண்பாடுகளை எண்ணினார்கள். கூட்டல் தப்பு, ஆள் எண்ணிக்கை ஒத்துவராதது, இந்த மாதிரி. முரண்பாடே இல்லாத ஆய்வுகளில் பம்பிங்கில் முன்னேற்றம் பூஜ்யம்தான், சொல்லப்போனால் மைனஸ் 0.4. முப்பதுக்கு மேல் முரண்பாடு இருந்தவற்றில் 7.7 புள்ளி முன்னேற்றம். எங்கே கணக்கு அதிகம் தப்பியதோ அங்கே இதயம் அதிகம் தேறியிருக்கிறது.

வெளிநாட்டுக் கிளினிக்

இதைத் தேர்ந்தெடுப்பவர்களை முட்டாள்கள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. இந்த வழியில் உண்மையான சாதகங்கள் இருக்கின்றன. உடனே நடக்கும். வயது அதிகம், சிறுநீரகம் சரியில்லை என்று தள்ளிவிட மாட்டார்கள். யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார். ஐந்து நிமிட ஓபியில் அலைந்து அலுத்தவருக்கு இந்தக் கடைசிச் சாதகம் சின்ன விஷயமில்லை.

பலர் நலமாகத்தான் திரும்புகிறார்கள். அதில் எவ்வளவு செல்லால் வந்தது என்பதுதான் கேள்வி. 1950களில் நெஞ்சுவலிக்கு மார்பில் ஒரு தமனியைக் கட்டிவிடும் அறுவை சிகிச்சை பிரபலமாக இருந்தது. 1959இல் ஒரு டாக்டர் குழு பாதிப் பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டு, தமனியைக் கட்டாமல் அனுப்பியது. அவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்தது. அந்த அறுவை சிகிச்சையே அதோடு வழக்கொழிந்தது. கடல் கடந்து போய், பெரும் பணம் கட்டி, நம்பிக்கையோடு படுத்துக்கொள்ளும் ஒருவருக்கு இந்த விளைவு இன்னும் பலமாக இருக்கும். "எக்கோவில் 5 புள்ளி ஏறியிருக்கிறது" என்பதையும் அதிகம் நம்ப வேண்டாம். ஒரே இதயத்தை ஒரே வாரத்தில் இரண்டு பேர் எடுத்துப் பார்த்தாலே அவ்வளவு முன்பின்னாக வரும்.

ஆபத்துகள் விஷயத்தில் இரண்டு தரப்பும் மிகைப்படுத்துகின்றன. தன் சொந்த மஜ்ஜை செல்லை, நல்ல ஆய்வகத்தில் பிரித்து, தேர்ந்த கைகள் செலுத்தினால் பெரிய கெடுதல் அரிது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்த வாக்கியத்தில் நிபந்தனைகள் எத்தனை என்று பாருங்கள். 2022, 2023இல் மெக்சிகோவில் ஸ்டெம் செல் ஊசி போட்டுத் திரும்பிய அமெரிக்கர் மூவருக்கு, குணப்படுத்தக் கடினமான ஒரு வகை மைக்கோபாக்டீரியத் தொற்று வந்தது. தொடைத் தசையிலிருந்து எடுத்த செல்களை இதயத்தில் செலுத்திய ஆரம்ப கால முயற்சிகளில் ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறுகள் வந்தன. தசைக்குள் ஊசி போடும் முறையில் இதயச் சுவர் ஓட்டையாகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. சிறியதுதான், ஆனால் நடந்தால் பக்கத்திலேயே இதய அறுவை சிகிச்சை அரங்கு வேண்டும்.

நாட்டின் பெயரைப் பார்த்து நம்புவதும் உதவாது. ஜெர்மனியில் உலகத் தரமான இதய செல் ஆய்வு நடந்த அதே ஆண்டுகளில்தான், மூளையில் செல் செலுத்தப்பட்ட ஒரு குழந்தை இறந்த பிறகு எக்ஸ்செல் சென்டர் என்ற தனியார் கிளினிக் 2011இல் மூடப்பட்டது. ஜப்பான் 2015இல் தசை செல்களைத் தாள் போல வளர்த்து இதயத்தின் மேல் ஒட்டும் ஹார்ட் ஷீட் என்ற சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. நோயாளிக்கு விற்றபடியே பலனை நிரூபிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2024இல், பலன் நிரூபிக்கப்படவில்லை என்று நிபுணர் குழு சொல்லிவிட்டது. அரசு அனுமதி பெற்றது என்றால், என்ன வகை அனுமதி என்று அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு செலவுகள் இருக்கின்றன, பணத்தில் சேராதவை. ஒன்று, ஒரு முறை எங்காவது ஸ்டெம் செல் வாங்கிவிட்டால், பிறகு வரும் முறையான ஆய்வுகள் பெரும்பாலும் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது. இரண்டு, வேறொருவரின் செல்லைப் போட்டுக்கொண்டால் உடம்பில் அந்நியத் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகலாம். நாளைக்கு இதய மாற்று சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டி வந்தால், பொருத்தமான இதயம் கிடைப்பதை அது கடினமாக்கும். தொப்புள்கொடி செல், "இளம் செல்", "வீரியமான செல்" என்றெல்லாம் விற்பவை இந்த வகைதான்.

பயணமே ஒரு சோதனை. விமான அறைக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்றது. பம்பிங் குறைந்த இதயம் அதைத் தாங்குமா என்பதை கிளினிக்கில் இருப்பவர் சொல்ல முடியாது, உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வில் சேருவது

ஆய்வு என்றால் பலருக்கு எலி நினைவுக்கு வருகிறது. "பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர் ஊசி போடுவார்களாமே?" ஆமாம், சில ஆய்வுகளில் அப்படித்தான். ஆனால் அந்தப் பாதியில் விழுந்தாலும், மற்ற மருந்துகளை ஒழுங்காகக் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் கவனிப்பார்கள். கிளினிக்கில் விசா முடிவதோடு கவனிப்பும் முடிகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: பணம் எந்தத் திசையில் போகிறது? முறையான ஆய்வு செல்லுக்கோ ஊசிக்கோ உங்களிடம் காசு கேட்காது. சில சமயம் போக்குவரத்துச் செலவைக்கூடத் தரும். ஆய்வு என்று பெயர் வைத்துக்கொண்டு காசு கேட்கும் இடங்கள் இருக்கின்றன. அவை அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டிலும் இடம்பெற்றுவிடுகின்றன, ஏனென்றால் அந்தப் பதிவேடு ஆய்வின் தரத்துக்குச் சான்று தருவதில்லை. புளோரிடாவில் விழித்திரை நோய்க்காக இரண்டு கண்ணிலும் கொழுப்பு செல் ஊசி போட்டுப் பார்வை போன மூன்று பெண்களைப் பற்றி 2017இல் வெளிவந்தது. அந்த இடத்தின் பெயரும் பதிவேட்டில் இருந்தது. ஆளுக்கு 5,000 டாலர் கட்டியிருந்தார்கள்.

பாதகங்களையும் சொல்லிவிடுகிறேன். இடம் கிடைப்பது கடினம். வயது, சிறுநீரகம், சர்க்கரை, பம்பிங் அளவு என்று சல்லடை போடுவார்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்காகவே வேறு நாட்டுக்குப் போவதானால் நான்கைந்து முறை போய் வர வேண்டியிருக்கும். ஆனால் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு நல்ல காரணம் இருக்குமானால் அது இதுதான்.

கையில் இருக்கும் மருந்து

இப்போது அந்த மூன்றாவது வழி. "இனி ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் எல்லா மருந்தையும் முழு அளவில் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் பம்பிங் குறைந்த 3,500 பேரின் மருந்துச் சீட்டுகளைப் பார்த்து 2018இல் ஒரு கணக்கு வெளிவந்தது. அப்போது இருந்த மூன்று முக்கிய வகை மருந்துகளையும் ஒரே சமயத்தில் முழு அளவில் சாப்பிட்டவர்கள், அவற்றுக்குத் தகுதியானவர்களிலேயே வெறும் 1 சதவீதம். எல்லாருக்கும் முழு அளவு ஒத்துக்கொள்ளாது, ரத்த அழுத்தம் விழும், பொட்டாசியம் ஏறும், அது நியாயம். ஆனால் 99 சதவீதம் பேருக்குமா?

இன்று அந்த வகைகள் நான்கு. ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய, மலிவான மாத்திரை, கடுமையான இதயச் செயலிழப்பில் இறப்பை 30 சதவீதம் குறைத்ததை 1999இலேயே காட்டிவிட்டார்கள். சாக்குபிட்ரில்-வல்சார்டான் அதுவரை இருந்த மருந்தைவிட இன்னும் 20 சதவீதம் நல்ல பலன் தந்தது 2014இல். சர்க்கரை நோய்க்காக வந்த டாபாகிளிஃப்லோசின், சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயத்தைக் காப்பாற்றியது 2019இல். நான்காவது, பீட்டா பிளாக்கர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரண்டே வாரத்தில் மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி வரச்சொல்லிக் கவனித்தால் என்ன ஆகும் என்று 2022இல் ஓர் ஆய்வு பார்த்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் மறுபடி சேர்க்கப்பட்டவர்களும் சேர்ந்து 15 சதவீதம். வழக்கம்போல் மெதுவாகப் போனவர்களில் 23 சதவீதம். இதற்கு நிகரான வித்தியாசத்தை, மேலே சொன்ன பாமி ஆய்வோ ட்ரீம்-எச்எஃப் ஆய்வோ தன் முக்கியக் கேள்விக்கு விடையாகக் காட்டவில்லை.

மாத்திரைக்கு அப்புறமும் படிகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒத்துத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர், திடீர் மரணத்தைத் தடுக்க உடம்புக்குள் வைக்கும் ஐசிடி கருவி, மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சி, கசியும் வால்வைச் சரிசெய்வது, கடைசியாக, ரத்தத்தைத் தள்ள உதவும் இயந்திர இதயப் பம்பு, இதய மாற்று. இன்றைய இதயப் பம்பு பொருத்தியவர்களில் பாதிக்கும் மேல் ஐந்து ஆண்டுகள் தாண்டி இருக்கிறார்கள். இவ்வளவையும் ஒரே டாக்டர் செய்ய மாட்டார். இதயச் செயலிழப்புக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் மருத்துவமனையில் ஒரு முறை கருத்துக் கேட்பது, எந்த விமான டிக்கெட்டைவிடவும் முதலில் செய்ய வேண்டியது.

யாருக்கு எது என்றால், என் கணிப்பு இது. பம்பிங் குறைந்து, நான்கு மருந்தில் ஏதாவது ஒன்று சீட்டில் விடுபட்டிருப்பவர் எங்கும் போக வேண்டாம். எல்லா மருந்தும் முழு அளவில் எடுத்தும் நெஞ்சுவலி விடவில்லை, ஸ்டென்ட்டுக்கும் வழியில்லை என்பவர் ஆய்வுகளைத் தேடலாம். தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. இதய மாற்றுக்குத் தகுதி உள்ளவர் வேறொருவர் செல்லை எந்தக் காரணத்துக்கும் போட்டுக்கொள்ளக் கூடாது. எல்லாம் தெரிந்தும், சேமிப்பு கரைந்தாலும் பரவாயில்லை, போகத்தான் போகிறேன் என்பவரைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை.

போகிறவர் சிலவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்: எந்த வகை செல், யாருடையது, எத்தனை, எந்த வழியாகச் செலுத்தினார்கள், தொற்றுச் சோதனை முடிவு என்ன. திரும்பி வந்து காய்ச்சல் அடித்தால் இங்கே உள்ள டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான். போவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். பெரும்பாலான டாக்டர்கள் திட்டுவதில்லை.

மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். இதயம் நன்றாகத் தேறி, அறிகுறியே இல்லாமல் இருந்த 25 பேருக்கு லண்டனில் டாக்டர்களே மேற்பார்வையிட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை.